தொற்றுநோய்க் காலத்தில் ஊருக்கு உதவ பலசரக்கு வணிகர்கள் செய்யக்கூடியவை

மே மாதம் 5-ஆம் நாள் வணிகர் தினம். 2023-ஆம் ஆண்டு அதே நாளில்தான் கொரோனா தொடர்பான உலக அவசரநிலை முடிந்துவிட்டதாக உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. அதற்குச் சரியாக மூன்று ஆண்டுகளுக்கு முன்பு, 2020 மே 5 அன்று, சென்னைக் கோயம்பேடு மார்க்கெட் இழுத்து மூடப்பட்டது. தற்செயலாக அமைந்த தேதிகள்தான் என்றாலும், வணிகர்களாகிய நாம் இரண்டையும் நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. ஒன்று முடிந்த நாள். மற்றொன்று நமது தொழிலிடமே நோய் பரவும் இடமாகிப் போன நாள்.

'அதெல்லாம் முடிந்த கதை, இப்போது எதற்கு?' என்று உறுப்பினர்கள் கேட்கக்கூடும். நோய் வந்த பிறகு யோசிக்க நேரம் கிடைக்காது என்பதை 2020 மார்ச் மாதத்தில் நாம் பட்டு அறிந்தோம். மார்ச் 22 ஞாயிறு மக்கள் ஊரடங்கு. 24 மாலை 6 மணிக்கு மாநிலத்தில் 144 தடை உத்தரவு. அன்று நள்ளிரவு முதல் நாடு முழுவதும் ஊரடங்கு. இரண்டே நாளில் ஊரின் பிழைப்பு நின்றது. கடை மட்டும் நிற்கக்கூடாது என்றார்கள். எப்படி நடத்துவது என்பதை மட்டும் யாரும் நமக்குச் சொல்லித்தரவில்லை.

துறைமுக ஊரான தூத்துக்குடிக்கு இது முதல் அனுபவமும் அல்ல. வெள்ளையர் காலத்தில் இலங்கைத் தோட்டங்களுக்குப் போன தொழிலாளர்களைப் பிளேக், காலரா பயத்தால் தட்டப்பாறை முகாமில் நிறுத்திவைத்துச் சோதித்த பிறகே கப்பல் ஏற்றினார்கள். முத்துக்குளிப்பு நடந்த நாட்களில் கடற்கரையில் திடீரென்று ஓலைக் கொட்டகை நகரம் ஒன்று முளைக்கும். சிப்பி அழுகும் நாற்றமும் ஈயும் ஒரு பக்கம், பல ஊர்ச் சனங்கள் ஒரே இடத்தில் கூடி நல்ல தண்ணீருக்கு அலைவது மறுபக்கம். அங்கே அரிசி, பருப்பு, கருவாடு விற்றவர்களும் வணிகர்கள்தாம். 1961-க்குப் பிறகு நம் கரையில் முத்துக்குளிப்பு நடக்கவில்லை. ஆனால் கப்பல் போக்குவரத்து நிற்கவில்லை. 2020 ஜூன் மாதம் ஐ.என்.எஸ். ஜலாஷ்வா என்ற கடற்படைக் கப்பல் கொழும்பிலிருந்தும் மாலத்தீவிலிருந்தும் ஒவ்வொரு தடவையும் ஏறக்குறைய எழுநூறு பேரை நம் துறைமுகத்தில் கொண்டுவந்து இறக்கியது. ஜூலை முதல் தேதி ஈரானில் சிக்கியிருந்த மீனவர்கள் வந்தார்கள். அடுத்த நோயும் கப்பலிலோ விமானத்திலோ லாரியிலோதான் வரும்.

கடையில் கூட்டம் சேர்ந்த விதம்

முதலில் நம் பக்கத்துத் தவறைச் சொல்லிவிடுகிறோம். ஊரடங்கு அறிவித்த அன்று எங்கள் கடையில் வந்தவருக்கு வந்த அளவில் போட்டோம். கார் வைத்திருந்தவர்கள் முதலில் வந்தார்கள். துவரம்பருப்பு பத்து கிலோ, எண்ணெய் ஒரு பெட்டி, சீனி அரை மூடை என்று ஏற்றிப் போனார்கள். கல்லா நிறைந்தது, நமக்கும் சந்தோஷம்தான். மறுநாள் காலையில் கால் கிலோ பருப்புக்கு வந்த அளத்து வேலைக்காரப் பெண்களுக்குப் பருப்பு இல்லை. தினசரி வாங்குபவர் தினசரிக் கூலிக்காரர். அவரால் ஒரு மாதச் சரக்கை ஒரே நாளில் வாங்க முடியாது. அவருக்கு வேண்டிய கால் கிலோவை, வசதியுள்ளவர் வீட்டுப் பரணில் வைக்க நாமே விற்றுவிட்டோம்.

அதன் பிறகுதான் அளவு வைத்தோம். ஒரு குடும்பத்துக்கு ஒரு தடவையில் பருப்பு இரண்டு கிலோ, எண்ணெய் இரண்டு லிட்டர் என்று சிலேட்டில் எழுதித் தொங்கவிட்டோம். சண்டை வந்தது. 'காசு கொடுத்துத்தானே வாங்குகிறேன்' என்றார்கள். ஒரு வாரத்தில் பழகிவிட்டது. இதை ஒரு கடை மட்டும் செய்தால் வாடிக்கை அடுத்த கடைக்குப் போய்விடும். தெருவில் உள்ள ஐந்து கடையும் ஒரே அளவு வைத்தால் யாருக்கும் நட்டமில்லை. சங்கம் செய்ய வேண்டிய முதல் வேலை இதுதான்.

விலையைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2020 மார்ச் 13 அன்று முகக்கவசமும் கைகழுவும் திரவமும் அத்தியாவசியப் பொருள் பட்டியலில் சேர்க்கப்பட்டன. அடுத்த வாரமே 200 மில்லி சானிடைசர் 100 ரூபாய், மூன்றடுக்கு முகக்கவசம் 10 ரூபாய் என்று உச்சவிலை கட்டினார்கள். விற்ற விலையைக் கேட்டவர்களுக்கு ஏன் கட்டினார்கள் என்பது புரியும். லாரி வராமல் அடக்க விலை கூடும்போது விற்பனை விலையும் கூடத்தான் செய்யும். அதை வாடிக்கையாளர் புரிந்துகொள்வார். கொள்முதல் சிட்டையை எடுத்துக் காட்டினால் முணுமுணுப்புகூட அடங்கும். பழைய சரக்குக்குப் புது விலை போடுவதைத்தான் ஊர் மன்னிப்பதில்லை. 1918-இல் இன்புளுயன்சா காய்ச்சல் பம்பாய்த் துறைமுகம் வழியாக நாட்டுக்குள் புகுந்து ஒரு கோடிக்கு மேல் உயிர்களை வாங்கிய அதே ஆண்டில்தான், செப்டம்பர் மாதம் சென்னையில் தானியக் கடைகள் சூறையாடப்பட்டன. காய்ச்சல் அதற்குக் காரணமில்லை. யுத்தகால விலையேற்றமும் வணிகர் பதுக்குகிறார்கள் என்ற எண்ணமும்தான் காரணம். இரண்டும் ஒரே சமயத்தில் வந்தால் கடைக்காரன் நிலை என்னவாகும் என்பதற்காகச் சொல்கிறோம்.

கூட்டத்துக்கு வருவோம். நேரத்தைக் குறைத்தால் கூட்டம் குறையும் என்று அதிகாரிகள் நினைத்தார்கள். 2020 ஏப்ரல் 5 முதல் காலை 6 மணியிலிருந்து பகல் 1 மணி வரைதான் கடை. பதினைந்து மணி நேரம் பரவி வந்த சனம் ஏழு மணி நேரத்துக்குள் வந்து நெருக்கியது. ஏப்ரல் 26 முதல் நான்கு நாள் சென்னை, மதுரை, கோவையில் முழு அடைப்பு என்று அறிவித்ததும், 25 அன்று அந்த ஊர்களில் கடை கடையாகத் திரண்ட கூட்டத்தை எல்லோரும் பார்த்தோம். கோயம்பேட்டிலும் அதே நெரிசல். அங்கிருந்து ஊர் திரும்பிய சுமைதூக்கும் தொழிலாளர்கள், லாரிக்காரர்கள், சில்லறை வியாபாரிகள் மூலம் கடலூர், விழுப்புரம், அரியலூர் என்று பல மாவட்டங்களில் ஆயிரக்கணக்கானோருக்கு நோய் போய்ச் சேர்ந்தது. அவர்கள் மேல் குற்றமில்லை. ஊருக்குச் சோறு போட்டவர்கள் அவர்கள்தாம். காய்கறிச் சந்தை திருமழிசைக்கு மாறி, கோயம்பேடு மறுபடி திறக்க செப்டம்பர் ஆகிவிட்டது.

இதற்கு மாற்று நம் கண் முன்னாலேயே இருந்தது. ரேஷன் கடையில் ஆயிரம் ரூபாயும் இலவச அரிசியும் கொடுத்தபோது, நாளும் நேரமும் எழுதிய டோக்கனை வீடு வீடாகக் கொடுத்தார்கள். நம் கடைக்கும் அது பொருந்தும். காலையில் இந்தத் தெரு, பத்து மணிக்கு மேல் அடுத்த தெரு, முதல் ஒரு மணி நேரம் வயதானவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் என்று பிரித்துக்கொள்ளலாம். இன்னும் எளிது, முன்தினமே சிட்டை வாங்கி, இரவில் பொட்டலம் கட்டிவைத்து, காலையில் பெயர் சொன்னதும் பையை நீட்டுவது. நிற்கும் நேரம் பத்து நிமிடத்திலிருந்து ஒரு நிமிடமாகும். 2021 மே 24 முதல் ஒரு வாரம் பலசரக்குக் கடைகளையும் சேர்த்தே அடைத்தார்கள்; காய்கறி வண்டிகள் மட்டும் தெருவுக்கு வந்தன. 31-ஆம் தேதிக்குப் பிறகு தொலைபேசியில் சொன்ன சரக்கை வண்டியில் கொண்டுபோய்க் கொடுக்க அனுமதி கிடைத்தது. அதற்கு முன்பே சிட்டை வாங்கிப் பழகியிருந்த கடைகள் அன்றே வண்டி கட்டின. மற்றவர்கள் வாடிக்கையாளரின் போன் நம்பர் தேடி இரண்டு நாளைக் கழித்தார்கள்.

காற்றும் கைகளும்

ஆரம்பத்தில் நாம் எதற்குப் பயந்தோம் என்று நினைத்தால் இப்போது சிரிப்பு வரும். ரூபாய் நோட்டை இஸ்திரிப் பெட்டியால் தேய்த்தோம். காய்கறியை மஞ்சள் தண்ணீரில் முக்கினோம். கடை வாசலில் மருந்து தெளித்தோம். பொருளைத் தொடுவதால் நோய் வரும் வாய்ப்பு குறைவு என்றும், நோயாளி விடும் மூச்சு நிற்கும் காற்றில்தான் அது அதிகம் பரவுகிறது என்றும் பிறகு தெளிவாயிற்று. கை கழுவுவது வீணல்ல; வயிற்றுப்போக்கு, காலரா போன்ற பல நோய்களுக்கு அதுதான் மருந்து. ஆனால் காற்றில் பரவும் நோய்க்கு, காற்றோட்டம்தான் முதலில் பார்க்க வேண்டியது.

இதில் தெருக்கடைக்கு ஒரு வசதி உண்டு. முன்பக்கம் முழுக்கத் திறந்த கடை நம்முடையது. பின்கதவு இருந்தால் அதையும் திறந்துவைத்து, சரக்கு அடைத்து மறைத்திருக்கும் ஜன்னலை விடுவித்தால் காற்று குறுக்கே ஓடும். வாசலில் மேசை போட்டுக் கயிறு கட்டிவிட்டால் வாடிக்கையாளர் உள்ளே நுழைய வேண்டியதில்லை. ஏசி போட்டு அடைத்த பெரிய கடைக்காரர்கள் செலவு செய்து செய்ய வேண்டியதை, நாம் இரண்டு மூடையை நகர்த்திச் செய்துவிடலாம். குடோன்தான் ஆபத்தான இடம். ஜன்னல் இல்லாத குடோனில் நான்கு பேர் சேர்ந்து மூடை இறக்குவதும், மதியம் அங்கேயே வட்டமாக உட்கார்ந்து சாப்பிடுவதும் நம்மில் பலர் கவனிக்காமல் விட்டவை. வாசலில் முகக்கவசம், உள்ளே சாப்பாட்டு நேரத்தில் எல்லாம் கழற்றியாயிற்று!

கடைப் பையனுக்குக் காய்ச்சல் வந்தால் என்ன செய்கிறோம்? எங்கள் கடையில் ஒருவன் இரண்டு நாள் காய்ச்சலை மறைத்துக்கொண்டு வேலை பார்த்தான். கேட்டால், 'லீவு போட்டா சம்பளம் போயிருமே அண்ணாச்சி' என்றான். தப்பு அவனுடையது அல்ல. நோய்க் காலத்தில் காய்ச்சலுக்கு விடுப்பு எடுத்தால் சம்பளம் பிடிப்பதில்லை என்று அன்றே சொன்னோம். பத்து நாள் சம்பளம் செலவுதான். ஆனால் கடையில் நான்கு பேரும் படுத்து, கதவு அடைத்து, வாடிக்கை கலைந்தால் ஆகும் செலவோடு ஒப்பிட்டுப் பாருங்கள். தடுப்பூசி 2021 ஜனவரியில் வந்தது; மார்க்கெட்டுகளில் முகாம் போட்டபோது முதலாளி முன்னால் போய்க் கையை நீட்டிய கடைகளில் பையன்கள் பின்னால் வரிசையில் நின்றார்கள். முதலாளியே தயங்கிய இடத்தில் யாரும் வரவில்லை.

பற்று நோட்டு

நிவாரணம் என்றால் பொட்டலம் கட்டிக் கொடுத்துப் போட்டோ எடுப்பது என்று ஆகிவிட்டது. கொடுப்பது நல்லதுதான், குறை சொல்லவில்லை. ஆனால் தெருவில் எந்த வீட்டில் அடுப்பு எரியவில்லை என்பது கடைக்காரருக்குத் தெரியும் அளவுக்கு வேறு யாருக்கும் தெரியாது. வாரம் இரண்டு கிலோ வாங்கிய வீடு அரைக் கிலோவுக்கு இறங்கினால், பால் பவுடர் வாங்குவதை நிறுத்தினால், பிள்ளையைக் கடனுக்கு அனுப்பினால், செய்தி நம் கல்லாவுக்கு வந்துவிட்டது என்று அர்த்தம். மானத்துக்குப் பயந்து நிவாரண வரிசையில் நிற்காத குடும்பங்கள் நம் கடையில் கடன் சொல்லி வாங்கும். அதனால் நோய்க் காலத்தில் ஊருக்கு நாம் செய்யும் பெரிய உதவி பற்று நோட்டை மூடாமல் வைத்திருப்பதுதான் என்பது எங்கள் அபிப்பிராயம்.

நம் கரையில் இது இரட்டிப்பாகப் பொருந்தும். ஊரடங்கு வந்த நேரம் உப்பளங்களில் உற்பத்தி சூடுபிடிக்கும் கோடை. மீனவர்களுக்கு ஏப்ரல் 15-இல் தடைக்காலமும் தொடங்கியது. வழக்கமான 61 நாளை அந்த ஆண்டு 47 நாளாகக் குறைத்து மே 31-உடன் முடித்தார்கள். அதற்கு முன்பே மார்ச் கடைசியில் ஊரடங்கால் கடலுக்குப் போவது நின்றிருந்தது. ஆக, தெரஸ்புரத்திலும் தருவைகுளத்திலும் புன்னைக்காயலிலும் இரண்டு மாதத்துக்கு மேல் கையில் காசு புழங்கவில்லை. ரேஷனில் அரிசி, பருப்பு, எண்ணெய், சீனி வந்தது. மிளகாய், புளி, மல்லி, சோப்பு, தேயிலை, குழந்தைக்குப் பிஸ்கட், பெண்களுக்கு நாப்கின் எல்லாம் கடைக்காரர்தான் கொடுத்தாக வேண்டும்.

ஆனால் சில்லறைக் கடைக்காரர் எத்தனை நாளைக்குத் தாங்குவார்? ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 80 வீடுகளுக்கு மாதம் 1,500 ரூபாய் பற்று என்று வைத்துக்கொண்டால் 1,20,000 ரூபாய். மூன்று மாதத்துக்கு 3,60,000. சாதாரணத் தெருக்கடையின் முதலே அவ்வளவு இருக்காது. மொத்த வியாபாரி பதினைந்து நாள் தவணையைக் கறாராகப் பிடித்தால் கடை இரண்டாம் மாதம் விழும். கடை விழுந்தால் 80 வீடும் விழும். விருதுநகரிலிருந்து சரக்கு இறக்கும் மொத்த வணிகர்கள் பத்துப் பேர் சேர்ந்து தவணையை மூன்று மாதம் தள்ளி வைத்தால், ஒருவர் தாங்க வேண்டியது 36,000 ரூபாய்தான். வட்டியில்லாமல் மூன்று மாதம் காத்திருப்பது. அதுவே அவர்கள் செய்யும் தர்மம். பொட்டலத்தைவிட இது பல மடங்கு சோறு போடும். வங்கிக் கடனுக்கும் ரிசர்வ் வங்கி 2020 மார்ச் 27 அன்று தவணை ஒத்திவைப்பு அறிவித்து, பிறகு ஆகஸ்ட் வரை நீட்டித்தது. அதில் வட்டி ஓடிக்கொண்டே இருந்தது என்பதைப் பலர் கவனிக்காமல் ஏமாந்தார்கள். மறுபடி அப்படி ஒரு அறிவிப்பு வந்தால் வட்டிக் கணக்கைக் கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

வீட்டில் தனிமைப்படுத்தப்பட்டவர்களை ஊர் நடத்திய விதம் நமக்கெல்லாம் தலைகுனிவு. கதவில் நோட்டீஸ் ஒட்டிய வீட்டைக் கடந்து போகவே பயந்தார்கள். குணமான பிறகும் கடைக்கு வந்தவரைத் தள்ளி நிற்கச் சொன்ன வணிகர்கள் நம்மில் இருக்கிறார்கள். அந்த வீட்டுக்குப் பையைத் திண்ணையில் வைத்துவிட்டுக் குரல் கொடுத்து நகர்ந்துவிட்டால் யாருக்கும் எதுவும் வராது. கூடவே மருந்துக் கடைச் சீட்டை வாங்கி மருந்தையும் சேர்த்து வைக்கலாம். மூச்சு வாங்குகிறதா, விரலில் மாட்டும் ஆக்சிஜன் கருவி 94-க்குக் கீழே காட்டுகிறதா என்று ஒரு வார்த்தை கேட்டு, ஆமாம் என்றால் 108-க்குப் போன் செய்ய வேண்டும். அந்தக் கருவியில் இரண்டு வாங்கித் தெருக்கடையில் வைத்து, தேவைப்படும் வீட்டுக்கு இரவல் கொடுத்தால் போதும். ஒவ்வொரு வீடும் வாங்க வேண்டியதில்லை.

சாத்தான்குளத்தை விட்டுவிட்டு இந்தக் கட்டுரையை எழுத நம்மால் முடியாது. 2020 ஜூன் 19 அன்று, அனுமதித்த நேரத்தைத் தாண்டிக் கடை திறந்திருந்ததாகச் சொல்லி அழைத்துச் செல்லப்பட்ட ஜெயராஜும் அவர் மகன் பென்னிக்ஸும் நான்கு நாளுக்குள் உயிரோடு இல்லை. மாவட்டமே கடையடைத்தது, வழக்கு சி.பி.ஐ. கைக்குப் போனது. செல்போன் கடை வைத்திருந்த இரண்டு வணிகர்கள், நம் மாவட்டத்துக்காரர்கள். கடை நேரம் என்பது ஒரு வணிகரும் ஒரு காவலரும் தெருவில் நின்று வாதாடித் தீர்க்கும் விஷயமாக இனி இருக்கக்கூடாது. நேரம் மாறும் ஒவ்வொரு முறையும் உத்தரவின் நகலைச் சங்கம் வாங்கி, எல்லாக் கடையிலும் ஒட்ட வேண்டும். வட்டாரத்துக்கு ஒரு பிரதிநிதி, காவல் நிலையத்துடனும் மாநகராட்சியுடனும் பேச. பிரச்சினை என்றால் கடைக்காரர் அவருக்குப் போன் செய்வது, அவர் உடனே நேரில் போவது. வண்டிக்கும் ஊழியருக்கும் வேண்டிய அனுமதிச் சீட்டுகளையும் அவர் வழியாகவே மொத்தமாக வாங்கிவிடலாம்.

இப்போது, அமைதியான நாளில், ஒவ்வொரு கடைக்காரரும் செய்யக்கூடியது ஒரு நோட்டுதான். தனியாக இருக்கும் முதியவர்கள், படுத்த படுக்கையாக உள்ளவர்கள், சர்க்கரைக்கும் ரத்தக்கொதிப்புக்கும் மாத்திரை எடுப்பவர்கள், கைக்குழந்தை உள்ள வீடுகள், வெளியூரிலிருந்து வந்து வாடகைக்கு இருக்கும் துறைமுகத் தொழிலாளர்கள். அவர்கள் சம்மதத்தோடு பெயர், கதவு எண், போன். வெளியூர்த் தொழிலாளர்களுக்கு ரேஷன் அட்டை இங்கே இருக்காது என்பதால் அவர்கள் பெயருக்கு நேரே ஒரு குறி. நோட்டைக் கல்லாவுக்குள் வைத்து, வருடம் ஒரு தடவை ஆயுத பூஜைக்குக் கணக்கு நோட்டுகளை எடுத்து வைக்கும்போது இதையும் எடுத்துத் திருத்திக்கொள்ளலாம். புயல் வந்தாலும், 2023 டிசம்பர் மழையில் ஊர் மூழ்கியதே அது போல வெள்ளம் வந்தாலும், இதே நோட்டு பயன்படும்.

பழைய பற்று திரும்பியதா என்று கேட்பவர்களுக்கு: எங்கள் கடையில் பெரும்பகுதி வந்தது. கடலுக்குப் போனவர்கள் முதலில் தீர்த்தார்கள். அளத்து வேலைக்காரர்கள் வாரம் நூறு, இருநூறு என்று அடுத்த கோடை வரை கட்டினார்கள். சில குடும்பங்கள் வேறு ஊருக்குப் போய்விட்டன. இரண்டு வீடுகளில் கட்ட வேண்டியவரே இறந்துவிட்டார். அந்தப் பக்கங்களை அடித்துவிட்டோம். மொத்தம் எவ்வளவு போனது என்று கூட்டிப் பார்த்தால், நல்ல நாளிலும் ஒரு வருடத்தில் எலிக்கும் வண்டுக்கும் போகும் சரக்கைவிடக் கொஞ்சம் அதிகம்.